செருமலுக்கு நிற்கும் பேனா

கணக்குப் பரீட்சைத் தாள் வெறுமையாக வந்த கதை போன வாரமே உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதியிருந்தது. தேதி எழுதியிருந்தது. முதல் கணக்கின் முதல் வரி பாதி வரை போயிருந்தது. அதற்குப் பிறகு வெள்ளை. வாண்டு அதை மெத்தைக்கு அடியில் செருகி வைத்ததும், விரிப்பு மாற்றும்போது அம்மா கையில் அது சிக்கியதும், அப்பா பார்த்துவிட்டுச் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனதும் தெரியும். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் முழு வாக்கியம் பேசுவதில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வாண்டு என்பது தவழ்ந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது பதினோராம் வகுப்பு. அம்மாவைவிட ஒரு தலை உயரம். பெயர் மட்டும் வளரவில்லை. அம்மா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைப் பார்த்து யார் மயங்கி விழுவார்கள் என்பதைப் பின்கழுத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மனைவியும் கோபம் வந்தால் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவாள். இந்த வாரம் முழுக்க அவர் மாஸ்டர்தான்.

மாஸ்டருக்கு ஒரு பெருமை உண்டு. கற்றுக்குட்டிகள் கையில் நாள் முழுக்க உருளும் அவருடைய வண்டியில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. மற்ற பயிற்சிக்காரர்கள் கத்துவார்கள், ஸ்டியரிங்கைப் பிடுங்குவார்கள். மாஸ்டர் குரலை உயர்த்த மாட்டார். தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்தால், நடப்பதற்கு முன்பே, தொண்டையை லேசாகச் செருமுவார். அதற்கும் கேட்காவிட்டால், பக்கத்து இருக்கைக்குக் கீழே அவருக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் இறங்கும். வண்டி பூப்போல நிற்கும். ஓட்டுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார்.

அன்று காலை அந்த வண்டியில்தான் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். மாஸ்டர் ஓட்டினார். அம்மா பக்கத்து இருக்கையில், அந்த இரண்டாவது பிரேக்கில் படாமல் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாண்டு பின்னால் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். 

பள்ளிக்கூட வாசலில் மாஸ்டர் சொன்னார்: "நான் பேசிக்கிறேன். நீ உள்ள வந்து நடுவுல எதையும் சொல்லி வைக்காதே."

அம்மா கதவை வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாள்.

கணக்கு டீச்சருக்கென்று தனி அறை கிடையாது. விளையாட்டுச் சாமான் அறையின் ஒரு மூலையில் அவருக்கு மேசை போட்டிருந்தார்கள். வலைக்குள் பந்துகள் தொங்கின. ரப்பர் நாற்றம். டீச்சர் தலையைத் தூக்காமலே திருத்திக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க."

உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இரண்டு பேருமே உட்காரவில்லை.

"வீட்டுப்பாடம் எல்லாம் முத்து முத்தா இருக்கு," என்றார் டீச்சர். "ஒரு தப்பு கிடையாது. பரீட்சைன்னா வெறும் தாள். நான் என்ன நினைக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"என்ன நினைக்கிறீங்க?"

"வீட்டுப்பாடம் போடுற ஆளு பரீட்சைக்கு வரலைன்னு நினைக்கிறேன்."

மாஸ்டரின் காது மடல் சிவந்தது. "அது என் பொண்ணு கையெழுத்து."

"கை அவளோடது. தலை யாரோடது?"

"பாருங்க டீச்சர். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். ஒரு வரி சொல்லிக் குடுக்க மாட்டேன். அடிக்க மாட்டேன். உங்களை மாதிரிக் கத்தவும் மாட்டேன்."

"நான் கத்துறேனா?"

"வாசல் கேட் வரைக்கும் கேக்குது."

டீச்சர் பேனாவுக்கு மூடி போட்டார். அவர் சிரிக்கவில்லை. "கத்தினாத்தான் கடைசி வரிசைக்குக் கேக்கும். உங்களுக்கு ஒரு பொண்ணு. எனக்கு ஒரு வகுப்பு. இப்படியே போனா இவளைக் கணக்குப் பிரிவுல வச்சுக்க முடியாது. அடுத்த பிரிவுக்கு மாத்திடுவேன். அங்க கணக்கு கிடையாது, தலைவலியும் கிடையாது."

அம்மாவுக்கு, 'அங்க போனா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்' என்று நேற்று வாண்டு சுவரைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது. வாண்டு சும்மா மிரட்டுகிற பெண் இல்லை. கணக்கு அவளுக்குப் பிடிக்கும். அதுதான் யாருக்கும் புரியவில்லை.

"இப்பவே குடுங்க," என்றார் மாஸ்டர். "அவளைக் கூப்பிடுங்க. எந்தக் கணக்கு வேணா குடுங்க. புத்தகத்துல இல்லாததா குடுங்க. நம்ம எல்லாரும் இங்கயே நிப்போம்."

கூப்பிட்டார்கள். வாண்டு வந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சர் ஒரு காகிதத்தில் தானே ஒரு கணக்கை எழுதி அவள் முன்னால் தள்ளினார். மாஸ்டர் அவளுக்குப் பின்னால், அலமாரியில் சாய்ந்து, கைகளை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு நின்றார். அவர் உயரத்துக்குக் காகிதம் நன்றாகவே தெரியும்.

டீச்சர் காகிதத்தைப் பார்த்தார். அம்மா மகளின் கழுத்தைப் பார்த்தாள்.

பேனா ஓடியது. முதல் வரி. இரண்டாவது வரி. சமக்குறியைத் தாண்டி ஒரு எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகும் இடத்தில் வாண்டு கூட்டல் குறி போடப் போனாள்.

"ம்க்கும்."

தூசிக்குச் செருமுவது போலத்தான் இருந்தது. வாண்டுவின் பின்கழுத்தில் ஒரு நரம்பு இழுத்து விட்டது. பேனா நின்றது. கூட்டல் கழித்தல் ஆனது. மறுபடி ஓடியது.

அம்மாவின் கால் தானாகத் தரையை அழுத்தியது. செருப்புக்குள் கட்டை விரல் மடங்கிப் போனது. ஏன் என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

இன்னொரு இடத்தில் பேனா தயங்கியது. செருமல் வரவில்லை. வரவில்லை என்று உறுதியான பிறகு பேனா நகர்ந்தது. அப்போது புரிந்தது.

விடை சரி. டீச்சர் காகிதத்தை எடுத்து இரண்டு முறை பார்த்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் மாஸ்டர்.

"சரியாத்தான் போட்டிருக்கா." அந்த வார்த்தையை வெளியே விட டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது. "பரீட்சை அன்னைக்குப் பயந்திருக்கலாம். சரி. வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம்."

மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அம்மா பார்த்துப் பல வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டவர் அவர். மகளுக்குக் கணக்கு உதைக்க ஆரம்பித்ததும், விடிவதற்கு முன்னால் எழுந்து, அடுப்படி விளக்கில் அவளுடைய புத்தகத்தைத் திறந்து வைத்து, அன்றைய பாடத்தைத் தான் முதலில் படித்தார். சாயங்காலம் எதுவும் தெரியாதவர் போல அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார். இப்போது அந்தப் படிப்புக்கெல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு பரிசு கிடைத்திருந்தது. வாண்டுவும் சிரித்தாள். பெரிய கல் இறங்கிய மாதிரி.

சும்மா இருந்திருக்கலாம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்பார்கள். வருஷக் கடைசி இன்னும் தூரத்தில் இருக்கிறது.

 வலைக்குள் ஒரு பந்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை அம்மா பார்த்தாள்.

"இன்னொண்ணு குடுங்க டீச்சர். இவர் வெளில நிக்கட்டும்."

மாஸ்டர் திரும்பினார். "எதுக்கு?"

"சும்மா."

"எதுக்குன்னு கேக்குறேன்."

"நின்னா தெரிஞ்சிடும்."

மாஸ்டர் டீச்சரைப் பார்த்துக் கையை விரித்தார். "பாருங்க, வீட்டுலயே எனக்கு எவ்வளவு மரியாதைன்னு." வெளியே போனார், கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

டீச்சர் இன்னொரு கணக்கு எழுதினார். முதல் கணக்கின் தங்கச்சி மாதிரி இருந்தது, எண்கள்தான் வேறு.

வாண்டு எழுத ஆரம்பித்தாள். பாதி வரி. சமக்குறி. நின்றாள்.

அம்மாவும் டீச்சரும் காத்திருந்தார்கள். வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். வாண்டு எதையும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கழுத்தை லேசாகச் சாய்த்து, எதையோ கேட்கக் காத்திருப்பவள் போல இருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, அப்பா சாய்ந்து நின்ற அலமாரியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அதே கணக்குதானேடி?" என்றார் டீச்சர்.

"இவங்கப்பா செருமுவாரு டீச்சர்," என்றாள் அம்மா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "தப்பு வரப்போகுதுன்னா செருமுவாரு. இவ நிறுத்திடுவா. செருமலைன்னா சரின்னு அர்த்தம். அப்படியே பழகிட்டா."

"அம்மா!" வாண்டு எழுந்தே விட்டாள். "நான் அதெல்லாம் கேட்டு எழுதல!"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்றே?"

டீச்சர் இரண்டு காகிதங்களையும் அடுத்தடுத்து வைத்தார். "இதுவும் காப்பிதான். துண்டுச் சீட்டு இல்லாத காப்பி."

"காப்பி இல்ல. அவளுக்குக் கணக்கு தெரியும்."

"தெரிஞ்சா எழுதட்டும். இன்னிக்கு மூணு மணிக்கு இங்கயே ஒரு தேர்வு வைக்கிறேன். அவர் உள்ள வரக் கூடாது, வராந்தாவுல கூட நிக்கக் கூடாது. எழுதினா இந்தப் பிரிவு. எழுதலைன்னா திங்கக்கிழமை அந்தப் பிரிவு. என்கிட்ட இதுக்கு மேல நேரம் இல்லை."

கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. மாஸ்டர் நின்றிருந்தார். முழுவதையும் கேட்டிருக்கிறார். அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வாண்டுவைக் கையோடு அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். திரும்பும்போது அவர் மிக அழகாக ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்குப் போட்டார். ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தினார். 

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் மதிய வகுப்புக்கான, சாலைக் குறிகள் வரைந்த பயிற்சிப் பலகைகளைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு நேரே மாடிக்குப் போனார். மாடியில் அவருடைய அக்கா குடியிருக்கிறாள். வாண்டுவுக்கு மாடி அத்தை. சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. அத்தை முன்னால், மாஸ்டர் பின்னால்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துல என் தம்பியைக் காட்டிக் குடுத்துட்டு வந்தியாமே?"

"இது எங்க விஷயம் அண்ணி."

"விடியக்காலையில அவன் எந்திரிச்சுப் படிச்சான். மேல இருந்து நான் அந்த விளக்கைப் பாப்பேன். நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே."

"மாடி வரைக்கும் கேட்டுச்சா? அப்போ உங்களுக்கும் தூக்கம் இல்ல போல."

"வாயைப் பாரு!"

"அக்கா, நீ இரு." மாஸ்டர் மேசைக்கு வந்தார். தினமும் சாயங்காலம் தான் உட்காரும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவளை நான் ஒரு நாள் திட்டி இருக்கேனா?"

"இல்ல."

"கை நீட்டி இருக்கேனா?"

"இல்ல."

"பின்ன என்ன பாவம் பண்ணேன்?"

"அவளைத் தப்பு பண்ண விட்டதே இல்ல நீங்க."

"தப்பு பண்ண விடுறதுக்கு எதுக்கு ஒரு அப்பன்?"

அம்மா வாயைத் திறந்தாள்.  அவர் விடவில்லை.

"நீ என்ன கிழிச்சே? அவ புத்தகத்தை ஒரு நாள் திறந்து பாத்திருப்பியா? எந்தப் பாடம் நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? வேலை விட்டு வருவே, கால் வலிக்குதும்பே, படுத்துக்குவே. நான் உக்காந்தேன். வருஷம் முழுக்க நான் உக்காந்தேன். இன்னிக்கு வந்து, ஒரு வெளியாள் முன்னாடி, செருமுறான்னு சொல்றே."

அதில் பொய் எதுவும் இல்லை. அவள் திறந்து பார்த்ததில்லை. அவர் பார்த்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டது சௌகரியமாகவும் இருந்தது. இதை இப்போது சொன்னால் அவர் ஜெயித்ததாகிவிடும். அவள் பேசாமல் நின்றாள். அந்தப் பேசாமை அவருக்கு இன்னும் எரிச்சல் ஊட்டியது.

"சொல்லேன்! இப்ப மட்டும் வாய் எங்க போச்சு?"

உள்ளறையிலிருந்து வாண்டு கத்தினாள். "பஸ் போயிடும்! ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

யாரும் நிறுத்தவில்லை. பஸ் போய்விட்டது. அது தெருமுனையில் திரும்பும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் டீச்சர் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர முடியும்.

அம்மா கணவனைப் பார்த்தாள். "கொண்டுபோய் விடுங்க. வாசல்லயே நின்னுக்கோங்க."

"நான் எதுக்கு? வராந்தாவுலயே நிக்கக் கூடாத ஆளு நான்." சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேசைமேல் போட்டார். அது வழுக்கிக்கொண்டு வந்து அவள் கைப்பக்கம் நின்றது. "லைசென்ஸ் வச்சிருக்கல்ல? நான்தானே வாங்கிக் குடுத்தேன்? ஓட்டிட்டுப் போ."

மாடி அத்தை களுக்கென்று சிரித்தாள்.

கல்யாணமான புதிதில் வாங்கிய லைசென்ஸ். அதிலிருக்கும் படத்தில் அவள் கன்னம் இன்னும் உப்பலாக இருக்கிறது. புதுப்பித்துப் புதுப்பித்துப் பையிலேயே வைத்திருக்கிறாள். ஓட்டுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒரே ஒரு முறை தனியாக எடுத்துப் பார்த்தாள். அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் காத்திருந்தாள். வண்டி நிற்கும் என்று காத்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி என்பது மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. சைக்கிள்காரர் எப்படியோ தப்பினார். வண்டி யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறித் தானாக அணைந்தது. கீறல் விழவில்லை. சக்கரத்தில் ஒட்டிய மணலைக் கழுவிவிட்டு, சாவியை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

அம்மா சாவியை எடுத்தாள்.

"ஏய்," என்றார் மாஸ்டர். அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"வாண்டு, வா."

வாண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள். வேறு வழி இல்லை. பின் இருக்கை முழுக்க மாஸ்டரின் பயிற்சிப் பலகைகள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். கிளட்ச். கியர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது.

வெளிக்கேட்டின் தூண்களுக்கு நடுவே இடம் குறுகல். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். அம்மா மெல்ல வந்தாள். இடது பக்கத் தூண் நெருங்கியது. கொஞ்சம் ஒடித்தால் போதும். ஒடிக்கப் போனாள்.

"ம்க்கும்."

வாசற்படியில் அவர் நின்றிருந்தார்.

அம்மாவின் கைகள் ஸ்டியரிங்கில் அப்படியே உறைந்தன. கால் எதையும் மிதிக்கவில்லை. வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. தகரம் சிமெண்டில் உரசும் சத்தம் நீளமாக, பல்லைக் கூச வைத்துக்கொண்டு வந்தது. பிறகு வண்டி சட்டென்று நின்றது.

"ஐயோ! என் தம்பி வண்டி!" மாடி அத்தையின் குரல்.

அம்மா குனிந்து பார்த்தாள். வாண்டுவின் கால் இரண்டாவது பிரேக்கில் இருந்தது.

"காலை எடு."

"இடிக்கப் போறம்மா!"

"இடிச்சாச்சு. காலை எடு."

வாண்டு அவளைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்து, அம்மா எப்போதும் செய்வது போலவே மடக்கி வைத்துக்கொண்டாள்.

அம்மா பின்னால் எடுத்தாள், ஒடித்தாள், வெளியே வந்தாள். கண்ணாடியில் மாஸ்டர் ஓடி வருவது தெரிந்தது. அவர் மனைவி பக்கம் வரவில்லை. தூண் பக்கம் போனார். தூணில் ஒட்டியிருந்த வண்டியின் வெள்ளைச் சாயத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் வண்டி அணைந்தது. பின்னால் யாரோ ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். மறுபடி கிளப்பினாள். அடுத்த முனையிலும் அணைந்தது. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "மேல பெருசா டிரைவிங் ஸ்கூல் போர்டு மாட்டி இருக்கு, முதல்ல நீங்க அதுல போய்ச் சேருங்கம்மா!" என்று கத்திவிட்டுப் போனார். வாண்டு சிரிக்கவில்லை.

"நீ ஏன் அங்க வச்சு சொன்னே?"

"வீட்ல சொன்னா யாரு கேப்பா?"

"என்கிட்ட சொல்லி இருக்கலாம். எனக்கு மட்டும் சொல்லி இருக்கலாம். டீச்சர் நாளைக்கு வகுப்புல சொல்லும். துண்டுச் சீட்டு இல்லாத காப்பின்னு சொல்லும். எல்லாரும் செருமுவாங்க. நான் போற இடமெல்லாம் செருமுவாங்க."

 அப்படித்தான் நடக்கும் என்று அம்மாவுக்கும் தோன்றியது.

"அப்பா செருமுறதைக் கேட்டுத்தான் எழுதுறேன்னே எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு. இனிமே எப்படி எழுதுவேன்? அங்க போயி உக்காந்தா அதைத்தான் நினைப்பேன்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் கத்தினாள். "நீ சும்மா இருந்திருந்தா நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன்!"

சிக்னல் சிவப்பாக இருந்தது. அம்மா நிறுத்தினாள். தானே நிறுத்தினாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

பச்சை விழுந்ததும் வாண்டு கேட்டாள்: "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கும் அவர்தான் கத்துக் குடுத்தார்."

வாண்டு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள்.  அவள் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இந்த முறை ஜன்னல் பக்கம் இல்லை. முன்னால், சாலையைப் பார்த்து.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அறை வாசலில் நின்றிருந்தார். அம்மாவின் வியர்த்த முகத்தையும், வாசலில் கோணலாக நிறுத்தியிருந்த வண்டியையும், அதன் பக்கவாட்டில் நீளமாக ஓடிய கீறலையும் ஒரு முறை பார்த்தார்.

"நீங்களும் வெளிலதான்."

"தெரியும்."

கதவில் கண்ணாடி பதித்திருந்தது. அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து வாண்டுவின் பக்கவாட்டு முகமும் மேசையில் ஒரு பகுதியும் தெரிந்தன. மேசைக்கு அடுத்தாற்போல் மைதானத்தைப் பார்த்த ஜன்னல், திறந்து கிடந்தது.

பேனா ஓடியது. பாதி வரி போயிருக்கும். நின்றது.

 எதைச் சொல்லிக் கொடுப்பது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று இத்தனை நாளும் அம்மா யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்க நேரமிருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மைதானத்துப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த இருமல் போட்டு அணைகிற எஞ்சின் அவளுக்கு நன்றாகத் தெரியும். மாடி அத்தையின் ஸ்கூட்டர்.

அவள் எழுந்து கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். ஜன்னலுக்கு வெளியே, சுவரோரமாக, ஒரு தோள் தெரிந்தது. மாஸ்டரின் தோள். அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, மைதானத்தைப் பார்த்து நின்றிருந்தார். வராந்தாவில் நிற்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள்.

அங்கிருந்து காகிதம் தெரியாது. என்ன கணக்கு என்றும் அவருக்குத் தெரியாது. மகள் தப்பாகப் போடுகிறாளா, சரியாகப் போடுகிறாளா என்று தெரிய வழியே இல்லை.

"ம்க்கும்."

இருந்தாலும் செருமினார். கைகொடுப்பதற்கு வேறு கை இல்லாதவர் போல.

வாண்டுவின் கழுத்து இழுத்தது. டீச்சர் தலையைத் தூக்கினார். அம்மா கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள்.

அதற்குள் வாண்டு எழுந்தாள். ஜன்னலிடம் போனாள். வெளியே அந்தத் தோளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டாள். சத்தம் வராமல், மெதுவாகத்தான் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பேனாவை எடுத்தாள். சமக்குறியின்மேல் வைத்தாள்.

பேனா அசையவில்லை.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாத்திய ஜன்னலுக்கு வெளியே அந்தத் தோளின் நிழல் நகராமல் நின்றது. வாண்டு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா இன்னும் அசையவில்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். அவளுடைய கால் வராந்தாத் தரையைப் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.